பித்தளை மூக்கு

திருமங்கலத்தில் கிணற்று மோட்டார்களைப் பிரித்து மாட்டி நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தவர் நல்லகாமன். அவர் பட்டறைக்குள் அடுப்பு எப்படி நுழைந்தது என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் அக்காள் மகள் ஒச்சாயி செய்த வேலை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்தவள், தல்லாகுளத்தில் ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போவாள் என்று வீடே காத்திருக்க, சாண எரிவாயு அடுப்பு செய்யப் போகிறேன், பட்டறையில் பாதியைக் கொடுங்கள் மாமா என்று வந்து நின்றாள். தூக்கி வளர்த்த பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு வருசம் பாரு. அதுக்குள்ள ஆர்டர் வரலன்னா மோட்டார் திரும்ப உள்ள வந்துரும். நீயும் ஆபீசுக்குக் கெளம்பிறணும்" என்று மட்டும் சொன்னார்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். மாட்டுச் சாணத்தைக் குழியில் கரைத்துவிட்டு வாயு எடுக்கும் மோகம் ஊர் ஊராகப் பரவியிருந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு குழி வெட்டினார்கள். குழி வந்துவிட்டது, வாயுவும் வந்துவிட்டது, எரிக்கத்தான் உருப்படியான அடுப்பு இல்லை. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்து தருகிறேன் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஒச்சாயி வேறு மாதிரி சொன்னாள். அடுப்பின் இரும்புத் தலையை விருமாண்டியின் வார்ப்புப் பட்டறை வார்க்கட்டும். உடம்பை உக்கிரபாண்டி தகரத்தில் அடிக்கட்டும். மதுரை டவுனுக்குள் லேத்து வைத்திருக்கும் பாதுஷா வாயுவைத் திறந்து மூடும் பித்தளைத் திருகுகளையும் ஜெட்டுகளையும் கடைந்து தரட்டும். திருமங்கலத்தில் பெண்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டட்டும். நாலு பட்டறை சேர்ந்தால் ஒரு கம்பெனிக்குச் சமம் என்று, அடுப்புக்கு ஆர்டர் கொடுக்கும் தல்லாகுளத்து அரசாங்க அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று அடித்துச் சொன்னாள்.

அந்த அதிகாரி தன் மூக்குக் கண்ணாடியையே சந்தேகப்பட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற ஆள். "மொதல்ல அம்பது அடுப்பு குடும்மா. அம்பதும் ஒரே மாதிரி எரிஞ்சா ரெண்டாயிரம் உனக்கு. ஒண்ணு ரெண்டு கோணலா எரிஞ்சாக்கூட கோயம்புத்தூருக்குப் போயிரும்" என்றார்.

ஜெட் என்பது விரல் நுனியளவு பித்தளைத் துண்டு. அதன் முனையில் ஒரே ஒரு துளை. வாயு அந்தத் துளை வழியே பீறிட்டு, போகிற போக்கில் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, இரும்புத் தலைக்குப் போய் நீலமாக எரியவேண்டும். துளை கொஞ்சம் பெரிதானால் தீ மஞ்சளடித்துப் பானை கரியாகும். சிறிதானால் தீ சோம்பிப் போய் உலை கொதிக்காது. பூட்டுகிற பெண்கள் அந்தத் துண்டுக்கு மூக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாதிரிக்கென்று முதலில் செய்த ஆறு அடுப்புகள் கொட்டாம்பட்டியில் ஆறு வீடுகளில் இரண்டு மாதமாக நீலமாக எரிந்துகொண்டிருந்தன. அந்தத் தெம்பில்தான் ஒச்சாயி ஐம்பதைச் செய்தாள்.

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஐம்பதையும் வேனில் ஏற்றிக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் போனாள். அங்கே மாடும் நிலமும் வைத்திருந்த பேயாண்டி என்ற சம்சாரியின் வீட்டில் பெரிய வாயுக்குழி இருந்தது. ஒவ்வோர் அடுப்பாகக் குழாயில் மாட்டிப் பற்றவைத்தாள். முதல் அடுப்பில் தீ சுண்டைக்காய் அளவுக்கு எழும்பி, அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பொக்கென்று அணைந்தது. அப்புறம் ஒன்று ஜம்மென்று நீலமாக எரிந்தது. அடுத்தது மறுபடி சுண்டைக்காய். ஐம்பதையும் பார்த்து முடித்தபோது ஏழெட்டுத்தான் தேறின.

பேயாண்டியின் மனைவி சின்னத்தாய் உலைப்பானையோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாதிரி அடுப்பு வாங்கிய ஆறு வீட்டுக்காரிகளில் அவளும் ஒருத்தி. அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இந்த அடுப்புக கோயிலு மாதிரி மணக்குதே! சாண வாடயவே காணோம்" என்றாள்.

"மணக்குறது இருக்கட்டும் மதினி. ஒல கொதிக்குதா?"

"அதெங்க கொதிக்குது! வெரல விட்டாக்கூடச் சுடாது போல."

ஒச்சாயிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். அழ வேண்டிய நேரத்தில் அழாமல், இது எப்படி ஆச்சு என்று நோண்ட ஆரம்பித்துவிடுவாள். நன்றாக எரிந்த அடுப்பின் இரும்புத் தலையைக் கழற்றிச் சோம்பேறி அடுப்பில் மாட்டினாள். தீ அப்படியே சோம்பிக் கிடந்தது. திருகை மாற்றினாள். அதற்கும் அசையவில்லை. ஜெட்டை மாற்றினாள். உடனே தீ குபுக்கென்று எழுந்து நீலமாக நின்றது. அவளே கைதட்டிவிட்டாள். கைதட்டிய கையோடு முகம் வாடிவிட்டது. குற்றம் ஜெட்டில் என்றால் குற்றவாளி பாதுஷா.

"நாஞ் சொன்னேன்ல" என்றார் கூட வந்திருந்த நல்லகாமன். அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "பாதுஷா பாய விட்டுட்டு வேற லேத்தப் பாரு. இன்னம் ஒரு வாரந்தான் இருக்கு."

மறுநாள் காலையில் ஒச்சாயி டவுன் பஸ் பிடித்து மதுரைக்குப் போனாள். தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் பாதுஷாவின் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. பம்புசெட் வேலைகளை எல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டு, வரப்போகிற இரண்டாயிரத்துக்காக இடத்தை ஒழித்து வைத்திருந்தார் அவர். ஒச்சாயி நல்ல ஜெட் ஒன்றையும் கெட்ட ஜெட் ஒன்றையும் மேஜையில் வைத்தாள். வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைப் படபடவென்று கொட்டினாள்.

"அண்ணே, மேலாக்க நாலஞ்ச நல்லாக் கடைஞ்சு வச்சுட்டு, மிச்சத்த ஏனோதானோன்னு போட்டுருக்கீக. ஒங்கள நம்பித்தான நா அதிகாரிகிட்ட வாயக் குடுத்தேன்?"

பாதுஷா லேத்தை நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஒனக்கு என்னய வேணாம்னா நிறுத்திக்கிறேன் தங்கச்சி. அது ஒன் இஷ்டம். ஆனா ஏன்னு தெரியாம நிறுத்த மாட்டேன். அல்லா சத்தியமாச் சொல்றேன், அம்பதுக்கும் ஒரே டிரில் பிட்டுதான். ஒரே நாள்ல போட்டது. பெரிய பொட்டலம் காலைல போச்சு. பாக்கி ஏழெட்ட முடிச்சு மத்தியானம் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்தேன். அம்புட்டுத்தான்."

ஏழெட்டு. கொட்டாம்பட்டியில் தேறியதும் ஏழெட்டுத்தான்.

"மத்தியானம் வந்ததுக மட்டும் நல்லா எரியுதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "அண்ணே, காலைல என்ன டிரில்லு, மத்தியானம் என்ன டிரில்லு?"

"அட, ஒண்ணுதான்ங்கிறேன்ல."

"பித்தள?"

"அதுவும் ஒரே கம்பி."

பாதுஷாவுக்கும் இப்போது ஆர்வம் தொற்றிக்கொண்டது. துளை போட்ட அதே டிரில் பிட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நல்ல ஜெட்டுக்குள் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. கெட்ட ஜெட்டுக்குள் பாதியில் நின்றது. விரலால் திருகித் தள்ளினார். மறுபக்கம் மேஜைமேல் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. வெளிர் மஞ்சளாக, மாவு போல.

"பித்தளத் தூளா?" என்றாள் ஒச்சாயி.

"பித்தள இப்புடிப் பொடியுமா? இது என்ன கண்றாவி?" பாதுஷா விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். அவர் புருவம் உயர்ந்தது. "இந்தா, நீயே மோந்து பாரு."

ஒச்சாயி மோந்து பார்த்தாள். சந்தனம்.

கோயில் மாதிரி மணக்குதே என்று சின்னத்தாய் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை கண்முன் வந்து நின்றது. மாதிரியெல்லாம் முடிந்து ஐம்பதுக்கென்று முதல் சரக்கு வந்த நாள். பட்டறையில் பூட்டுகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் செல்லத்தாய் காலையிலேயே சந்தனம் கரைத்துவிட்டாள். பித்தளைத் தாம்பாளத்தில் ஜெட்டுகளை வரிசையாக நிமிர்த்தி வைத்து, இரும்புத் தலைகளுக்குத் தான் பொட்டு வைத்தாள். "மூக்குகளுக்கு நீ வையி ஆத்தா, ஒன் கையால வச்சாத்தான் சரி" என்று ஒச்சாயியிடம் கிண்ணத்தை நீட்டினாள். நிமிர்ந்து நிற்கிற பித்தளைத் துண்டுக்குப் பொட்டு எங்கே வைப்பார்கள்? உச்சியில்தான். ஒச்சாயி பயபக்தியோடு ஒவ்வொன்றின் உச்சியிலும் கெட்டியாக ஒத்தினாள். சூடம் காட்டியபின் துணியால் துடைத்துவிட்டுப் பூட்ட உட்கார்ந்தார்கள். மேலே துடைத்தது துளைக்குள் போகுமா? மத்தியானப் பொட்டலம் வரும்போது பூஜை முடிந்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் தயங்காமல் உள்ளே இறங்கியிருப்பாள்.

"அண்ணே, நாந்தான். என் கையாலதான் அடச்சேன். ஒங்கள என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுருங்கண்ணே."

பாதுஷா சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்தார். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஏய் பக்ருன்னிசா, ரெண்டு டீ போடு. ஏழு வருசமா லேத்து ஓட்டுறேன், இன்னிக்குத்தான் என் சாமானுக்குச் சந்தன அபிசேகம் நடந்துருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு ஒச்சாயியை அழவைத்துவிட்டது. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டீ குடித்ததும் எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. ஜெட்டுகளைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் கம்பி விட்டால் தீர்ந்தது. ஐம்பதும் எரியும். இனிமேல் பட்டறையில் பொட்டு கிடையாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

சொல்லிப் பார்த்தாள். செல்லத்தாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொட்டு வைக்காம அடுப்ப அனுப்புறதா? ஒரு வீட்ல ஒல வைக்கப் போற சாமான் ஆத்தா அது. மூளியா அனுப்புனா வெளங்குமா? நீ படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியாதது இல்ல. ஆனா இந்த ஒண்ணு என்னால முடியாது."

மற்ற பெண்களும் அவள் பக்கமே நின்றார்கள். ஒச்சாயிக்கு எரிச்சல் வந்தது. வந்த வேகத்திலேயே வேறொரு சந்தேகமும் வந்தது. பட்டறையில் தடுத்துவிடலாம். அடுப்பு போய்ச் சேருகிற வீட்டில்?

சாயங்கால பஸ்ஸிலேயே கொட்டாம்பட்டிக்குப் போய் மாதிரி அடுப்பு இருந்த ஆறு வீடுகளையும் சுற்றினாள். ஆறு அடுப்பிலும் பொட்டு. இரும்புத் தலையின் நட்ட நடுவில், துளைகளின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் வெள்ளிக்கு வெள்ளி அடைஅடையாக ஏறியிருந்தன. அடைத்த துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டுக்கொள்கிறோம் என்று ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள். வார்ப்புப் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது, முதல் வார்ப்புக்குப் பொட்டு வைக்காமல் உலையே மூட்டுவதில்லை என்றார் விருமாண்டி. உக்கிரபாண்டி தகரத்துக்கே வைக்கிறாராம். ஒரு அடுப்பு மூன்று பட்டறை தாண்டினால் மூன்று பொட்டு. இரண்டாயிரம் அடுப்பு, ஆறாயிரம் பொட்டு, அப்புறம் வீட்டுக்காரிகள் கணக்கு தனி. இத்தனை பேர் விரலையும் யார் பிடித்து நிறுத்துவது?

நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் அவளுக்கு விசித்திரமான ஒரு தெளிவு வந்தது. பாலிடெக்னிக்கில் வாயுவுக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டாள். அடுப்பைத் தொடப்போகிற விரலுக்கு யாரும் கணக்குப் போடச் சொல்லித் தரவில்லை. மறுபடி பாதுஷாவின் லேத்துக்கு ஓடினாள்.

"அண்ணே, பொட்டு வைக்கத்தான் போறாக. அத நிறுத்த முடியாது. வேற எங்கிட்டாவது வைக்க வைக்கணும்."

"சொன்னா வைப்பாகளா?"

"சொல்லக் கூடாதுண்ணே. சொல்லாமயே வெரலு அங்க போகணும்."

பாதுஷா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அதை அக்கறையோடு ஒரு வேலையாகவே விசாரித்தார். எந்த விரலால் வைப்பார்கள், நின்றுகொண்டா குனிந்தா, சாமான் படுத்திருந்தால் எங்கே, நிமிர்ந்திருந்தால் எங்கே என்றெல்லாம் கேட்டார். ஒச்சாயி அவர் மேஜைமேல் கிடந்த சாமான்களுக்கெல்லாம் வெறும் விரலால் பொட்டு வைத்துக் காட்டினாள். தட்டையாக, உருண்டையாக, பளபளப்பாக, முன்பக்கம் பார்த்து எது இருந்தாலும் விரல் தானாக அங்கே போயிற்று.

"நெத்திதான தங்கச்சி வேணும்?" என்றார் பாதுஷா. "ஒன் அடுப்புக்கு மூக்கு இருக்கு, நெத்தி இல்ல. அதான் மூக்குல வச்சுட்டீக."

அன்று அவர் கடைந்த திருகின் கைப்பிடியில் முன்பக்கம் பார்த்த ஒரு பித்தளை வட்டம் இருந்தது. நாலணாக் காசு அளவு, கண்ணாடி போலப் பளபளத்தது. ஜெட் ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டை வெட்டிக் குல்லா மாட்டிவிட்டார். பூட்டும்போது கழற்றிக்கொள்ளலாம். பட்டறைக்குக் கொண்டுபோய் ஒச்சாயி ஒன்றும் சொல்லாமல் தாம்பாளத்தில் வைத்தாள். செல்லத்தாய் குல்லா போட்ட ஜெட்டைப் பார்த்தாள், பளபளக்கிற வட்டத்தைப் பார்த்தாள், வட்டத்தில் பொட்டு வைத்தாள். ஆனால் செல்லத்தாய்க்கு நடந்ததெல்லாம் தெரியும். அவள் விரல் அங்கே போனதைச் சோதனையாக எடுத்துச் சந்தோஷப்பட முடியாது.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். பேயாண்டி வீட்டு முற்றத்தில் ஐம்பது அடுப்பும் கழுவிய ஜெட்டும் புதுத் திருகுமாக வரிசையாக இருந்தன. நல்லகாமன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பாதுஷாவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அதிகாரி விரல் காட்டிய அடுப்பையெல்லாம் ஒச்சாயி மாட்டினாள். எல்லாம் நீலம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நீலம்தான்.

"சரி. எரியுது" என்றார், ஏதோ இழப்பு ஏற்பட்டவர் போல. அப்புறம் குனிந்து கைப்பிடியைத் தொட்டார். "இது என்ன வட்டம்? மாதிரி அடுப்புல இல்லையே. கோயம்புத்தூர்க்காரன் அடுப்புலயும் இல்ல. எதுக்கு இது?"

நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டார். பொட்டு வைக்க என்று சொன்னால் தல்லாகுளம் ஆபீஸே ஒரு மாதம் சிரிக்கும் என்று ஒச்சாயிக்குத் தெரியும்.

"காரணம் இல்லாத எதையும் நான் ரெண்டாயிரம் தடவ செய்யச் சொல்ல முடியாதும்மா. மாதிரிலருந்து மாத்துனதுக்குக் காரணம் வேணும். இல்லன்னா மறுபடி மொதல்லருந்துதான்."

"ஒரு பத்து நிமிசம் பொறுங்க சார்" என்றாள் ஒச்சாயி. வரிசையிலிருந்து ஒரு புது அடுப்பைத் தூக்கிச் சின்னத்தாயிடம் கொடுத்தாள். "மதினி, இது ஒங்களுக்கு. பழசு இருந்த எடத்துல வச்சு ஒல வையிங்க."

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுதான். சின்னத்தாயின் விரல் பழக்கத்தில் இரும்புத் தலைக்குப் போய்விட்டால், இந்த வட்டத்துக்குக் காரணமே கிடையாது. ஐம்பதும் இன்றைக்கு எரியும், ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி எரியும். நாலு பட்டறை சேர்ந்தால் சமம் என்று சொன்ன வாய்க்கு அப்புறம் மரியாதை இருக்காது.

எல்லாரும் அடுக்களை வாசலில் நின்றார்கள். சின்னத்தாய் அடுப்பை வைத்துக் குழாயை மாட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். தீப்பெட்டியை எடுத்தவள், ஏதோ மறந்தவள் போலத் திரும்பி, மாடத்திலிருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்தாள். விரலைத் தோய்த்தாள். விரல் இரும்புத் தலைக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது.

"அட, நெத்தி இங்கன இருக்கே" என்று சின்னத்தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பித்தளை வட்டத்தில் சந்தனத்தை ஒத்தி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். தீ நீலமாகச் சுற்றி எழுந்தது.

அதிகாரி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழற்றி வைத்திருந்த பழைய அடுப்பின் தலையில் அடை ஏறிக் கிடந்த சந்தனத்தையும் பார்த்தார். விரல் நகத்தால் அதைச் சுரண்டினார். அடியில் அடைத்துக் கிடந்த துளை தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"ரெண்டாயிரத்துக்கும் இந்த வட்டம் இருக்கட்டும்" என்றார்.

நல்லகாமன் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒச்சாயி திரும்பிப் பாதுஷாவைத் தேடினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் வந்து, அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். குங்குமம் வட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வழிந்திருந்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்சாரி வீட்டு வெரலு நாம நெனச்சதவிடப் பெருசு தங்கச்சி" என்றார். "வட்டத்துல ஒரு நூல் அகலம் கூட்டணும்."